மூன்றாம் ரீலில் ஆடியவள்

இது நடந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஞானேந்திரனைப் பதினொரு வருடமாக எனக்குத் தெரியும். தனக்கு லாபம் என்றால்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் சொன்னதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டர். கனடாவில் மொன்றியலுக்கு வந்த பிறகு, கிழமை நாட்களில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் பழைய தொழில். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு திரைப்படச் சங்கம் பழைய படங்கள் போடும். புரொஜெக்டரை ஓட்டுவது அவர்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. நெட்டி க்வில் என்ற ஹொலிவூட் நடனக்காரி. உங்களுக்குத் தெரிந்திருக்காது. யாருக்குமே தெரியாது. நாற்பதுகளின் பாட்டுப் படங்களில் நாயகியின் தோழியாக, ஹோட்டல் பணிப்பெண்ணாக வருவாள். இரண்டே நிமிடம் ஆடுவாள். கமெரா உடனே நாயகியிடம் திரும்பிவிடும். ஆனால் அந்த இரண்டு நிமிடம்! தோள் அசையாது. மூச்சு வாங்காது. தாளம் விழுந்து ஒரு மயிரிழை கழித்துத்தான் அவளுடைய சப்பாத்து தரையைத் தட்டும். அந்த மயிரிழையில் நம் நெஞ்சு ஒரு தரம் நின்று போகும். ஞானேந்திரன் வீடியோ கசெட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டி, மூன்று வருடமாக அவளைப் பற்றி ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தார். தமிழில்.

அதை அவர் நம்பிக் கொடுத்தது ஒரே ஒருவரிடம். மாதவ். சென்னைக்காரர், பல்கலைக்கழகப் பேராசிரியர், சங்கத்தின் தலைவர். “அற்புதமா எழுதியிருக்கீங்க. நான் இங்கிலீஷ்ல பண்றேன். நெட்டி க்வில் படம் போடற அன்னிக்கு உங்க பேர்ல அச்சடிக்கலாம்” என்றார். ஞானேந்திரன் அன்றிரவு தூங்கவில்லை. சந்தோஷத்தில்.

அந்த நாள் வந்தது. 1996 ஜனவரி 27, சனிக்கிழமை. டொரன்டோவில் ஒரு பட நூலகத்திலிருந்து நான்கு ரீல்கள் வந்திருந்தன. ஞானேந்திரன் இதுவரை பார்க்காத படம். காட்சி மாலை ஏழரைக்கு. படம் பழுதில்லையா என்று பார்க்க அவர் பின்னேரம் மூன்றரைக்கே ஓட்டத் தொடங்கினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கீழே மண்டபத்தில் எலிசா என்ற போர்த்துக்கீசப் பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே, படியேறிப் போகும் சின்னப் புரொஜெக்டர் அறையில், இவர் தனியே.

படத்தை மட்டும்தான் பார்த்தார். ஒலிபெருக்கியின் வயரைச் செருகவே இல்லை.

4:12. மூன்றாம் ரீல். கடற்கரை ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபம். நாயகி கதவைத் திறந்து வெளியே போகிறாள். திரை ஒரு நொடி வெளுத்தது...

பிறகு நெட்டி க்வில் வந்தாள்.

தனியாக. மேக்கப் இல்லை. மினுக்கும் உடை இல்லை. ஒத்திகைக்குப் போடுவது போல ஒரு சாதாரணக் கறுப்புச் சட்டை. பின்னால் அலங்காரமும் இல்லை. ஞானேந்திரன் திரையைப் பார்க்கும் கண்ணாடித் துவாரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். இரண்டு நிமிடம் கடந்தது. கமெரா திரும்பவில்லை. மூன்று நிமிடம். அவர் கண்ணில் நீர் முட்டியது. கடைசியில் இவளை முழுசாக ஆட விட்டார்களே!

டக்... டக்-டக்... டக்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சத்தம் கேட்கிறது.

வயரைப் பார்த்தார். சுருட்டியபடி தரையில் கிடந்தது.

டக்-டக்... டக்.

வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. ஹீட்டரைத் தொட்டார். சுட்டது. அறை குளிர்ந்தது.

ரீலைப் பார்த்தார்.

அது சுழலவில்லை.

படச்சுருள் நின்றால் விளக்குச் சூட்டில் கருகும். கருகவில்லை. ரீல் நிற்கிறது... அவள் ஆடுகிறாள்.

4:17. ஆட்டம் நின்றது.

அவள் நிமிர்ந்தாள். நேராக அவரையே பார்த்தாள். உதடு அசைந்தது. ஆங்கிலத்தில், மெதுவாக...

“அது என்னுடையது.”

கடக் என்று ரீல் சுழலத் தொடங்கியது. நாயகி கடற்கரையில் நடந்துகொண்டிருந்தாள்.

ஞானேந்திரன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். ஐந்து மணிக்கு மாதவ் வந்த பிறகுதான் கீழே இறங்கினார். பயத்தைச் சொல்ல வெட்கம். ஆட்டத்தைச் சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

“மூண்டாம் ரீலிலை அவளின்ரை ஆட்டம் ஒண்டு இருக்கு மாதவ். அஞ்சு நிமிசம். ஒரு புத்தகத்திலையும் இல்லாதது.”

“அப்படியா?” மாதவின் கண் பளிச்சிட்டது. கையிலிருந்த அச்சடித்த தாள்களை மேசையில் வைத்தார்.

ஞானேந்திரன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அவருடைய கட்டுரை. அந்த மயிரிழை, அந்தத் தோள், எல்லாம் வரிக்கு வரி. தலைப்பின் கீழ் ஒரே பெயர். மாதவ்.

“என்ரை பேர் எங்கை?”

“இங்க உங்களை யாருக்குத் தெரியும்? என் பேர் இருந்தாத்தான் படிப்பாங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

“நான் உங்களை நம்பித் தந்தனான்.”

மாதவ் கதிரைகளை அடுக்கப் போய்விட்டார். ஞானேந்திரன் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றார். அழுகைகூட வரவில்லை என்றார் என்னிடம்.

ஏழரைக்குத் தொண்ணூறு பேர். மாதவ் மேடையேறி, மூன்றாம் ரீலில் தானே கண்டுபிடித்த ஒரு அபூர்வ நடனம் இருக்கிறது என்று அறிவித்தார். அதையும் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் ரீல் ஓடியது. நாயகி கதவைத் திறந்தாள். வெளியே போனாள். கடற்கரை வந்தது.

நடனம் இல்லை.

சனம் முணுமுணுத்தது. யாரோ சிரித்தார்கள். படம் முடிந்ததும் மாதவ் படிகளில் ஏறி ஓடி வந்தார்.

“வெட்டிட்டீங்க, இல்ல? பழி வாங்கிட்டீங்க!”

“நான் வெட்டேல்லை. பின்னேரம் என்ரை கண்ணாலை பாத்தனான்.”

“அப்போ எங்க போச்சு?”

சங்கத்தார் அறைச் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். ஒரு கிழமைக்குள் சந்தை வரை கதை போனது: ஞானேந்திரன் படத்தை வெட்டிக் களவெடுத்த ஆள். கட்டின மனிசிகூட, “உண்மையைச் சொல்லுங்கோ, வெட்டினனீங்களோ?” என்று கேட்டாள். சாட்சிக்கு எலிசா இருந்தாள். ஆனால் தாய்க்குச் சுகமில்லை என்று அன்று மாலையே போர்த்துக்கல்லுக்கு விமானம் ஏறிவிட்டாள்.

மாதவ் செய்ததைவிட ஒன்று அவரை அதிகம் வருத்தியது. “மூண்டு வருசம் அவளுக்காக எழுதினனான். அவளும் என்னைக் கைவிட்டிட்டாள்” என்று என் வீட்டுக் குசினியில் தேநீர் குடித்தபடி சொன்னார்.

பட நூலகத்துக்குக் கடிதம் போட்டார். சுருளைச் சோதித்து, வெட்டு இருந்தால் சொல்லும்படி. ஏப்ரலில் பதில் வந்தது. நானும் வாசித்தேன். சுருளில் வெட்டு இல்லை. ஒட்டு இல்லை. நீளம் சரி. கீழே அந்த நூலகர் தன் கைப்பட எழுதியிருந்தார்: நெட்டி க்வில் அந்தப் படத்துக்காக ஐந்து நிமிட நடனம் ஒன்றைத் தானே அமைத்து, ஆறு கிழமை ஒத்திகை பார்த்தது உண்மை. படப்பிடிப்பு அன்று காலை அதை அவளிடமிருந்து பறித்து நாயகிக்குக் கொடுத்தார்கள். நாயகிக்கு அது ஆட வரவில்லை. காட்சியே கைவிடப்பட்டது. நெட்டி க்வில் 1952இல் இறந்துவிட்டாள். அந்த நடனத்தை யாரும், எப்போதும், படம் பிடிக்கவில்லை.

ஞானேந்திரன் அதன் பிரதி ஒன்றை மாதவுக்கு அனுப்பினார். பதில் இல்லை.

மே மாதம், ஒரு காலை. சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவரை யாரோ தோளில் தட்டினார்கள். எலிசா. தாயை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தாள். பிரெஞ்சில்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

“மிஸ்யூ ஞானா, அன்றைக்கு ஆடிய அந்தப் பெண் யார்? என்ன ஆட்டம்!”

அவருக்கு உயிர் வந்தது போலிருந்தது. “நீயும் பார்த்தாயா? திரையில் பார்த்தாயா?”

எலிசா முகத்தைச் சுளித்தாள்.

“திரையிலா? திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம்தானே இருந்தது. அவள் மேடையில் அல்லவா ஆடினாள்? மேலே உங்களைப் பார்த்தபடி.”

அவர் கையிலிருந்த பெட்டி நழுவியது.

“ஆடி முடித்ததும் படியேறி உங்கள் அறைக்குள் வந்தாள்” என்றாள் எலிசா. “நான் படியைத் துடைக்கக் காத்திருந்தேன். ஐந்து மணிவரை அவள் வெளியே வரவே இல்லை.”