பிரபுவின் பாட்டில் நான் சேர்த்த அடிகள்

ஒஸ்லோவில் நோர்வேஜியர்கள் போட்ட பழைய பிரெஞ்சுச் சிரிப்பு இசைநாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அதைத் தமிழில் எழுதியவள் நான். சிறுவர் காப்பகத்து வேலை முடிந்து வந்து, ஒரு குளிர்காலம் முழுக்க எழுதினேன். கதையில் தற்பெருமைக்காரக் கிழட்டுப் பிரபு ஒருவர் வருவார். நாடகம் எந்த ஊரில் மேடையேறுகிறதோ அந்த ஊர்க் கேலி ஒன்றை அவர் பாட்டில் சேர்ப்பது ஆதியிலிருந்தே வழக்கமாம். பாரிஸில் மந்திரிகளை நக்கலடித்தார்கள். இங்கே சுரங்க ரயில் பிந்தி வருவதை.

எங்கள் தமிழ்ச் சங்கம் அதை முதலில் மேடையேற்றியது எல்லிங்ஸ்ருட் பள்ளி மண்டபத்தில். சங்கத் தலைவர்தான் பிரபு. பாடமாக்குகிற பழக்கமே அவரிடம் இல்லை. திரைக்குப் பின்னால் நின்று நான் எடுத்துக் கொடுப்பதை அப்படியே பாடுவார். நாடகம் முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, அதை எழுதத் தான் பட்ட கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"ஆர் எழுதினால் என்ன தங்கச்சி? சங்கத்துக்குத்தானே பேர்," என்றார், பொன்னாடையை நீவிக்கொண்டே.

நான் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த வருடம் வெஸ்ட்லி மண்டபத்தில் திரும்பவும் போடுவோம் என்று அவர் சொன்னபோது, "நான்தான் எடுத்துத் தருவன் அண்ணை," என்றேன்.

"ஓமோம், நீர் இல்லாமல் எப்பிடி?" அவருக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் பல்.

மேடையேறிய அன்று பிரபுவின் பாட்டு வந்தது. பழைய அடிகளை முடித்துவிட்டு, புதிதாக ஒன்றை மெல்ல எடுத்துக் கொடுத்தேன்.

பாட்டெழுதிப் பேரெடுத்த பிரபு நானடா – அந்தப்
பாட்டில் ஒரு சொல்லுமே எனதில்லையடா
போர்த்திவிட்ட பொன்னாடை எனக்கேனடா – திரைக்குப்
பின்னாலே நிற்பவளின் பாட்டுத்தானடா

முதல் அடியை நெஞ்சை நிமிர்த்திப் பாடினார். இரண்டாவது வாயை விட்டுப் போன பிறகுதான் விளங்கியது. திரையைத் திரும்பிப் பார்த்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மிருதங்கம் நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. வேறு வரி தெரியாத மனிதர், மற்ற இரண்டையும் பாடித் தொலைத்தார்.

உள்ளே வந்ததும், "என்ன வேலை பார்த்தனீர்?" என்று பாய்ந்தார்.

"அந்த நாடகத்தின்ரை வழக்கம் அண்ணை. ஊர்க் கேலி ஒண்டு சேர்க்கவேணும்."

பிரபுவின் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிந்த வயிறு குளிர்ந்தது. மூன்றாம் முறை மேடையேறியபோது பிரபுவாக வேறொருவர் நடித்தார். அந்த நாலு அடியையும் எடுத்துவிடச் சொல்லித் தலைவர் ஆள் விட்டார்.

"ஆர் எழுதினது எண்டு அவரைச் சபையிலை சொல்லச் சொல்லுங்கோ, எடுக்கிறன்," என்றேன். அவர் சொல்லவில்லை. பாட்டு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.