அண்ணனின் ஈரலும் இரண்டு அரளிப் பொட்டலங்களும்

இதை எழுதவென்று பல வருஷம் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். அண்ணன் இருக்கும்வரை கை வரவில்லை. போன தை மாதம் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இனி மறைக்க ஆளில்லை. அம்மனுக்கு முதலிலிருந்தே தெரியும்.

நாங்கள் ராசிபுரத்தில் தறி நெய்கிறவர்கள். பல வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு வலது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அண்ணியும் நானும் பக்கத்தில் நிற்க, சேலத்துப் பெரிய டாக்டர் அழுத்திப் பார்த்தார்.

"ஈரல்ல கட்டி. ஓரத்துல இருந்தா வெட்டி எடுப்பேன். நடுவுல இருந்தா தொடாம தெச்சு அனுப்பிடுவேன். தெறந்தாத்தான் தெரியும்."

"ஏனுங்க, ரத்தத்தை நிறுத்த எந்த நூலுங்க கட்டுவீங்க?" என்றார் அண்ணன். "வேணுமின்னா நல்ல பட்டா முறுக்கித் தாரேனுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "நூல் அறாதுய்யா, ஈரல்தான் அறும். வெந்த கிழங்குல நூலைக் கட்டி இழுத்துப் பாரு."

"வெட்டாம உட்டா?"

"வளரும்."

நெசவாளிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு; பூசாரி எடுப்பதில் வெள்ளை வந்தால் கத்தி. சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டுவது என் வேலை. அம்மனிடம் எனக்குப் பூரண நம்பிக்கை. ஆனாலும் அண்ணன் விஷயத்தில் அவளைச் சிரமப்படுத்துவானேன் என்று இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன். தட்டை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனேன்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! எல்லோரையும்விடப் பலமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மற்றதைப் பிரிக்காமல் கிணற்றில் போடுவது வழக்கம். அதை நானே ஓடிப்போய்ப் போட்டேன்.

கட்டி ஓரத்தில்தான் இருந்தது. வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காததால், துணியை வைத்து அடைத்து, மூன்று நாள் கழித்து உருவினார்கள். அந்த மூன்று நாளும் நான் அம்மனிடம் பேசவில்லை. என்ன முகத்தோடு பேசுவது? அண்ணன் பிழைத்தார். வருஷாவருஷம் பொங்கல் வைத்து, "எல்லாம் அவ உத்தரவு" என்பார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன்.

அண்ணன் கருமாதி முடிந்ததும் அண்ணியிடம் ஒப்புக்கொண்டு அழுதேன்.

"அடப் போங்க கொழுந்தனாரே! ஈரலு அறும்னு கேட்ட பொறகு அவரைக் கத்திக்கு உடுவனா? ரெண்டு சிவப்புப் பொட்டலம் மடியில கட்டியாந்தேன். ஒன்னைத்தான் மாத்துனேன், அதுக்குள்ள பூசாரி வந்துட்டாருங்க."

ஆக, அன்று தட்டில் இருந்தது ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு.

இதைப் படித்தவர்கள் யாருக்காவது சொன்னால் முழுவதும் சொல்லுங்கள். என் கள்ளத்தோடு நிறுத்திவிட வேண்டாம். அண்ணியின் கள்ளமும் சேர்ந்தால்தான் அது அம்மன் கொடுத்த பூ.