வாட்டுமாடியில் வைத்த பூப்பொட்டலம்

என் மச்சான் ஆண்டியப்பன் தேயிலைக் கொழுந்தைத் தொட்டாலே போதும், அது எந்த மலையில் பறித்தது, பறித்தவள் காலையில் ரொட்டி தின்றாளா, பட்டினியா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பாதி பொய். மிச்சப் பாதியிலும் கொஞ்சம் பொய் கலந்திருக்கும். ஆனால் லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து வாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது கலப்படமில்லாத நிஜம்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் மேல்மாடியில், வாட்டுமாடியில்தான் அவருக்கு வேலை. நீள நீளமாகக் கட்டிய சாக்குத் தட்டுகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, கீழேயிருந்து அனல்காற்று விடுவார்கள். ஆண்டியப்பன் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிசைவார். பிசைந்த உருண்டை அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது, "எறக்கு" என்பார். பிரிந்து விழுந்தால், "பொறு" என்பார். அவர் வாயிலிருந்து இந்த இரண்டு சொல்லைத் தவிர மூன்றாவது சொல் வந்த நாளில் மழை நின்றுவிடும் என்பது என் கணக்கு. எங்கள் ஊரில் மழை நின்றதேயில்லை.

இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கிற மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. தோட்டத்தில் யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் அங்கே போய்ப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவை இன்னொரு துண்டிலும் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, ஆத்தாவின் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்று ஏதாவதொன்றை எடுக்கும். சிவப்பென்றால் சரி, வெள்ளையென்றால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே ஆக்ரா ஓயா ஆற்றில் விட்டுவிட வேண்டும். அதையும் பிரித்துப் பார்த்தால் ஆத்தா பேச்சில் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

கேட்க வந்தவர்கள் ஆத்தாவை விட்டுப் பொட்டலத்தையே கும்பிட்டு நிற்பார்கள். ஆண்டியப்பனோ கடலைப் பொட்டலம் பிரிப்பதுபோலச் சரக்கென்று பிரிப்பார். பிரிக்க அவர் தயங்கி நான் பார்த்ததில்லை, அவர் மகள் பூரணிக்குச் சம்பந்தம் வருகிறவரை.

பூரணி அவருக்கும் பேச்சியம்மாவுக்கும் ஒரே பிள்ளை. மாப்பிள்ளை வட்டகொடைத் தோட்டத்துச் செல்லசாமி. பையனிடம் குறை சொல்ல நானும் எவ்வளவோ தேடிப் பார்த்தேன். பல் கொஞ்சம் தூக்கல். அதுகூடச் சிரிக்கிறபோதுதான் தெரியும். எங்கள் தோட்டத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வந்ததால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழி வந்த எங்களை, வெள்ளைக்காரன் போன கையோடு எந்த நாட்டிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பதினாறு வருசம் கழித்து இங்கத்து அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இவர்களில் பாதிக்கு மேலே இந்தியாவுக்கு, கொஞ்சம் பேர் இங்கே என்று முடிவு பண்ணின. எந்தப் பாதியில் யார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. செல்லசாமியின் அப்பா இராமையா, தன் குடும்பம் இந்தியாவுக்குத்தான் எழுதிக் கொடுக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆண்டியப்பனுக்கோ இந்த மலையைத் தாண்டி வேறு மண் தெரியாது. கட்டிக் கொடுத்தால் மகள் கடலுக்கு அந்தப் பக்கம் போவாள். கொடுக்காவிட்டால் மகள் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும்; எந்த மாதிரி முகத்தை என்பதுதான் கேள்வி.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை வந்து பதில் கேட்பதாகச் சொல்லிவிட்டு இராமையா ரயிலேறினார். ஆத்தாவையே கேட்டுவிடலாம் என்று ஆண்டியப்பன் தீர்மானித்தார்.

இந்த இடத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுந்தரலிங்கம் மாஸ்டர் உள்ளே வருகிறார். ஹட்டன் கடைக்காரர் ஒருவரின் மகன். அவரிடம் பெட்டரியில் பாடுகிற ரேடியோ ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் நாங்கள் அதைக் கேட்கப் போவோம். பாட்டு ஒரு பங்கென்றால் கொரகொரப்பு ஒன்பது பங்கு வரும். மாஸ்டர் விஞ்ஞானப் பத்திரிகை படிக்கிறவர். கொரகொரப்பு கூடினால் ரேடியோவை அமர்த்திவிட்டு அவரே பேச ஆரம்பிப்பார். எனக்கு ரேடியோவின் கொரகொரப்பே கொஞ்சம் கூடுதலாக விளங்கும்.

அந்த ஞாயிறு அவர் சேதியைப் பற்றிச் சொன்னார். ஒருத்தன் சேதி அனுப்புகிறான், ஒருத்தன் வாங்குகிறான், நடுவழியில் இரைச்சல் புகுந்து அதைக் கெடுக்கப் பார்க்கிறது. முன்னாலேயே தெரிந்ததைச் சொன்னால் அது சேதியே இல்லை. ஆமா, இல்லை என்ற இரண்டில் எது வரும் என்று தெரியாமல் இருந்து, ஒன்று வந்து சேர்ந்தால், அதுதான் உலகத்திலேயே மிகச் சின்னச் சேதி. நம் பூப்பொட்டலம் மாதிரியா என்று ஆண்டியப்பன் கேட்டார். அதே மாதிரிதான் என்று மாஸ்டர் சந்தோசப்பட்டார். அந்தச் சந்தோசத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தாமல் அணுவுக்குள்ளே போனார். குவாண்டம் என்று ஏதோ ஒன்று சொன்னார். அந்தப் பேரில் திம்புள்ளைப் பக்கம் தோட்டம் எதுவும் இல்லை என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே இருக்கிற துகள் இப்படியா அப்படியா என்று நாம் பார்க்கிறவரை அது இரண்டாகவும் இருக்குமாம். பார்த்த நொடியில்தான் ஒன்றாகுமாம். நான் கேட்டேன், நாங்கள் பார்க்காதபோது கங்காணியும் நல்ல மனுசனாக இருக்கலாமோ என்று. எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை, பொங்கலுக்கு முன்னால், கோயிலில் பூக்கட்டினோம். சொந்தக் காரியம் என்பதால் அவர் கட்டக் கூடாது, கட்டியவன் நான். பங்களாத் தோட்டத்துச் சிவப்பு டேலியா ஒன்று, வெள்ளை டேலியா ஒன்று. நான் மடியில் போட்டுக் குலுக்கிய குலுக்கில் ஆத்தாவுக்கே தலை சுற்றியிருக்கும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற குழந்தை ஒன்று ஓடி வந்து ஒன்றை எடுத்தது. மற்றதை நான் ஓயாவில் விட்டேன். அது துள்ளிக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் போனது.

திரும்பி வந்து பார்த்தால் ஆண்டியப்பன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நார் அவிழவில்லை.

"பிரிங்க மச்சான்" என்றேன்.

"பொறு."

"அதென்ன கொழுந்தா, பொறுக்கிறதுக்கு?"

"மாப்ளே, நான் பிரிக்கிற வரைக்கும் இது ரெண்டுந்தானே? எம்புள்ள போறா, போகல, ரெண்டும். பிரிச்சா ஒண்ணு செத்துப்போகுமில்ல?"

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரும் குழம்பி, லயத்தையும் குழப்பி அடித்தார். அவருடைய பெரிய கேள்வி இது: ஆத்தா பதில் சொல்வது குழந்தை எடுக்கிறபோதா, நாம் பிரிக்கிறபோதா? எடுக்கிறபோதே சொல்லிவிட்டால் பதில் உள்ளே காத்திருக்கிறது. பிரிக்காமல் வைத்திருப்பது ஆத்தாவைத் தெருவில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவதுபோல. பிரிக்கிறபோதுதான் சொல்கிறாள் என்றால் குழந்தை எதற்கு, கோயில் எதற்கு? மாஸ்டரிடம் போய்க் கேட்டார். பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்குள்ளும் இதே சண்டைதான் நடக்கிறது, தன் பத்திரிகையில் கட்டுரையின் அடுத்த பாதி இன்னும் வரவில்லை என்று மாஸ்டர் கைவிரித்தார்.

விரித்த கையோடு சும்மா இருந்தாரா? ஒன்றாகப் பிறந்த இரண்டு துகளை எவ்வளவு தூரம் பிரித்துப் போட்டாலும், ஒன்றைப் பார்த்த நொடியில் மற்றதும் இன்னதென்று ஆகிவிடும் என்று ஒரு வெடியைப் போட்டார். ஆண்டியப்பன் துள்ளி எழுந்தார். ஓயாவில் போன பொட்டலத்தை எவனாவது துணி துவைக்கிறவன் எடுத்துப் பிரித்துவிட்டால் மகள் கதை இங்கே முடிந்ததா? அன்றைக்கு அவரும் நானும் கரையோரமாகத் தேடிக்கொண்டே போனோம். திருகோணமலைக் கடல் வரைக்கும் போனோம் என்றுதான் நான் சொல்வது வழக்கம். தலவாக்கலைப் பாலத்தோடு அட்டைக்கடிக்குப் பயந்து திரும்பினோம் என்பது நடந்தது.

பேச்சியம்மா இதையெல்லாம் கேட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஞ்ஞானமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், பொட்டலம் வேண்டும். அவள் கண்ணில் பட்டால் பிரித்துவிடுவாள் என்று தெரிந்து, ஆண்டியப்பன் அதை வேலைத்தளத்தில் ஒளித்து வைத்தார். வாட்டுமாடியில், அனல்காற்று வருகிற பக்கத்து உத்தரத்தின் மேலே.

சிரிக்காமல் கேளுங்கள். வாழ்நாளெல்லாம் இலை வாட்டிய மனுசன். இந்தக் காற்றில் எது எவ்வளவு நேரத்தில் எப்படி ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் போய்ப் பூவை அங்கே வைத்தார். அவர் தலைக்குள் அது பூவாக இல்லை, பதிலாக இருந்தது. பதில் வாடும் என்று யார் நினைப்பார்கள்?

பூரணி மட்டும் எப்போதும்போலக் கூடையை மாட்டிக்கொண்டு காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பாள், கொழுந்தோடு வருவாள். ஒருநாள் என்னிடம், அப்பா சோறு தின்கிறாரா இல்லையா என்பதையாவது பார்த்துச் சொல்லுங்கள் மாமா, பார்க்காவிட்டால் இரண்டும் என்று ஆகிவிடப்போகிறது என்றாள். என்னைக் கேலி பண்ண எங்கள் லயத்தில் ஆள் வளர்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. பிறகு பார்த்தேன், அவள் கண் கலங்கியிருந்தது.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை இராமையா சொன்னபடி வந்து இறங்கினார், பின்னால் பல்லை மூடிக்கொண்டு செல்லசாமி. ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இடமில்லாமல் எல்லாரும் வாசலில் கூடினோம். மாஸ்டரும் வந்தார், விஞ்ஞானத்துக்காக என்றார். இராமையா மரியாதையான மனுசன். ஆத்தா என்ன சொன்னாலும் தனக்குச் சம்மதம், ஆனால் இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும், வேறிடத்திலும் பெண் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

ஆண்டியப்பன் எல்லார் முகத்தையும் பார்த்தார். பேச்சியம்மா முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் ஸ்டோரிலிருந்து பொட்டலத்தைக் கொண்டு வந்தார். வரும்போதே நடை சரியில்லை. வாழையிலை அப்பளமாகக் காய்ந்திருந்தது. நாரைத் தொடுகிறபோதே உதிர்ந்தது.

உள்ளே இருந்தது கறுத்த காப்பி நிறத்தில் ஒரு பிடிச் சருகு.

சிவப்பா வெள்ளையா என்று கேட்டால், ரெண்டும் கருகினால் இந்த நிறம்தான். பேச்சியம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தில் சிவப்புத் தெரிகிறது என்றாள். இராமையாவும் சிவப்புத்தான் என்றார். ஆண்டியப்பன் வெள்ளை வாடினால்தான் இப்படி மஞ்சளோடி வரும் என்றார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சேதி வந்ததாம், வழியில் இரைச்சல் தின்றுவிட்டதாம். என்னைக் கேட்டார்கள், எனக்கு நாலு நாள் வெளியே கிடந்த ரொட்டி மாதிரி தெரிந்தது, அதைச் சொல்லவும் செய்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு ஆசை, அதற்குத் தக்க நிறம். ஓயாவில் விட்ட மற்றப் பொட்டலம் இருந்திருந்தாலாவது தெரிந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். செல்லசாமி மட்டும் சருகைப் பார்க்கவேயில்லை. அவன் பார்த்த திசையில் பூரணி நின்றாள்.

ஆண்டியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா, நான் உன்னைக் கருக்கிட்டேனே" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் பூரணி வந்தாள். அப்பா முன்னால் குந்தி, அந்தச் சருகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தாள், அவர் கொழுந்தைப் பிசைவதுபோலவே. அது பொடியாகி விரலிடுக்கில் கொட்டியது.

"ரொம்ப நேரம் வச்சுட்டீங்கப்பா" என்றாள். "பதமா இருந்தப்பவே எறக்கியிருக்கணும்."

அவர் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு எது தெரியுது?" என்று கேட்டார். இத்தனை நாளில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எனக்குப் பூவில ஒண்ணும் தெரியல. நான் இவுங்க வீட்டுக்குப் போறேன். கப்பல் வந்தா அழுதுக்கிட்டே ஏறுவேன். அதுக்காக இப்பவே உக்காந்து அழ முடியாதுப்பா."

ஆண்டியப்பன் எழுந்து வேட்டியைத் தட்டினார். உள்ளே பலகைமேல் பேச்சியம்மா எடுத்து வைத்திருந்த தாம்பாளத்தைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். "எறக்கு" என்றார். பேச்சியம்மாவுக்கு மட்டும்தான் உடனே விளங்கியது. வெற்றிலை பாக்கு உள்ளேயிருந்து வந்தது.

கலியாணத்தில் நான் தின்ற சோற்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதை விட்டுவிடுவோம். பூரணி வட்டகொடைக்குப் போய் ஒரு வருசம் ஆகிறது. அவர்கள் இந்தியாவுக்கு என்று சொன்னதும் சொன்னதுதான். எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் கோயிலில் யார் பூக்கட்டினாலும் ஆண்டியப்பன் குழந்தை கையிலிருந்து பிடுங்காத குறையாகப் பொட்டலத்தை வாங்கி அப்போதே பிரிக்கிறார். அவருடைய பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. அன்றைக்கு ஆத்தா சொன்னாளா, சொல்லாமல் விட்டாளா, இல்லை பூரணி வாயால்தான் சொன்னாளா என்று என்னையே கேட்கிறார். நான் எதைக் கண்டேன். மாஸ்டரைக் கேட்கச் சொன்னேன். அடுத்த பாதிக் கட்டுரை வந்து, படித்த பிறகு முதல் பாதியும் விளங்காமல் போய்விட்டது என்கிறார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டியப்பன் ரயிலேறி மகளைப் பார்க்கப் போகிறார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வட்டகொடை ஸ்டேசனில் இறங்கியதிலிருந்து அந்த லயத்து முனை வரைக்கும் தலையைத் தூக்காமல் நடந்தார். ஏன் மச்சான், காசு கீழே விழுந்துவிட்டதா என்றேன். வாசலைப் பார்த்துவிட்டால் பூரணி இருக்கிறாளா, கப்பலேறிப் போய்விட்டாளா என்று தெரிந்துவிடுமாம்.

லயத்து முனையில் நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டு தலையைத் தூக்கினார்.

வாசலில் பூரணி துணி பிழிந்துகொண்டிருந்தாள். "வாங்கப்பா, தேத்தண்ணி ஆறுது" என்றாள்.