பேய் வாயை மூடிய பிறகு

என் மனைவியின் அண்ணனுக்கு நான் ஆறாயிரம் கடன்பட்டிருந்தேன். அந்தப் பணத்தில்தான் சினிமா தியேட்டருக்குள் பாப்கார்ன் கடை போட்டேன். "மாசக் கடைசிக்குள்ள பணம் வரலைன்னா கடைச் சாவி என் கைக்கு வந்துடணும், மாப்ளே" என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த மாதம் முதல் தேதி ஒரு பேய்ப்படம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் படம் ஓடுமா, படுக்குமா என்று என்னைப்போல் சொல்ல அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. கதவிடுக்கில் நின்று நான் திரையைப் பார்க்க மாட்டேன். ஜனங்களின் கையைப் பார்ப்பேன். பயந்தவன் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

முதல் காட்சி. கதாநாயகி இருட்டில் தனியாக உட்கார்ந்து, குழாய் சொட்டுவதைக் கேட்கிறாள். வசனமில்லை, கத்தலில்லை. கண்ணை மட்டும் மெல்லத் திருப்பினாள். முந்நூறு கை அப்படியே நின்றது. எனக்கே முதுகு சில்லிட்டது, பொய் சொல்வானேன்.

அப்புறம் பேய் வந்தது. வந்த பேய் சும்மா இருந்ததா? தான் எப்படிச் செத்தேன், யார் கொன்றார்கள், சொத்து எவ்வளவு என்று கால்மணி நேரம் விளக்கம். வார்த்தைக்கு வார்த்தை புருவம் வேறு ஏறி இறங்கியது. ஜனங்கள் எழுந்து என் கடைக்கு வந்தார்கள். வாங்கினவர்களில் பாதிப் பேர் அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள்.

படத்தைத் தூக்கப்போவதாகத் தியேட்டர் முதலாளி சொல்லிவிட்டார். அடுத்த படம் வர இருபது நாளாகும். அதுவரை என் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த தயாரிப்பாளரிடம் நேரே போனேன்.

"ஐயா, அந்தப் பொண்ணு நடிப்பு பிரமாதம். பேயைத்தான் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க."

"பேயா நடிச்சது என் சொந்தத் தம்பிய்யா!"

"அதான் தெரியுதே. வேற ஆளா இருந்தா இவ்வளவு பேச விட்டிருப்பீங்களா?"

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "வெட்டினா கதை புரியாதே?"

"பயப்பட வந்தவனுக்குப் பேயோட சொத்துக் கணக்கு எதுக்குங்க?"

ஆபரேட்டர் அறையில் ரீலை வெட்டி ஒட்டினார்கள். மாலைக் காட்சியில் பேய் கதவோரம் நின்றது. "என் வீடு" என்றது. அவ்வளவுதான். அடுத்து அந்தப் பெண்ணின் முகம். உள்ளே கிளம்பின அலறலில் என் கரண்டி கீழே விழுந்தது. இடைவேளை வரை ஒருத்தரும் எழவில்லை. இடைவேளையில் எனக்குக் கை இரண்டு போதவில்லை. எல்லாம் கனவு என்று படத்தைக் கடைசியில் முடித்ததை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

படம் ஏழு வாரம் ஓடியது. நாலாவது வாரத்திலேயே, மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால், மச்சான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"சாவி கொண்டாந்தியா, மாப்ளே?"

"கையை நீட்டுங்க, மச்சான்."

நீட்டினார். நூறு நூறாக, தெருவுக்கே கேட்கும்படி எண்ணி, அறுபதாவது தாளையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.