எச்சில் கையும் நாலடிப் படியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கட்டட ஆய்வாளர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி என்று உத்தரவு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே புதிதாக எழும்பிய கட்டடங்களில் பாதி, நான் டேப் பிடித்து அளந்து சரி என்று எழுதியவை. எனக்கு யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்? வந்தவரோ எங்களில் பலரைவிட வயதில் சின்னவர், ஒரு பெண் பொறியாளர். முதல் மூன்று நாள் அவர் விதிகளை விளக்க, நான் பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள், வியாழக்கிழமை, எங்கள் இருபத்தாறு பேரையும் ஒரு புதுக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போனார். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த மண்டபத்துக்குச் சான்று கொடுத்தவன் நான்தான். வரும் ஞாயிறு என் அக்கா மகளுக்கு அங்கேதான் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மண்டபம் பேசி முடித்தவனும் நானே.

"மாடிப்படி எவ்ளோ அகலம் சார்?" என்று கேட்டார்.

"நாலடி மேடம். நானே அளந்தேன்" என்றேன், மார்தட்டாத குறையாக.

அவர் மறுக்கவில்லை. மாடியில் எங்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார். பாதிப் பேர் முதல் பந்தி. மீதிப் பேர், கல்யாணங்களில் நிற்பது போலவே, அடுத்த பந்திக்குப் படியில் காத்திருக்க வேண்டும். நான் முதல் பந்தி. வத்தக்குழம்பு பிரமாதம். பாயசம் முடிந்து எழுந்தோம். மாடியில் தண்ணீர் வசதி கிடையாது, கை கழுவக் கீழே பின்பக்கம்தான் போக வேண்டும்.

"இப்போ எல்லாரும் சீக்கிரமா கீழ எறங்குங்க. தீப்பிடிச்சிருக்குன்னு வெச்சுக்குங்க" என்றார்.

இறங்கினோம். அப்போதுதான் கவனித்தேன். ஒருவன்கூடக் கைப்பிடிக் கம்பியைத் தொடவில்லை. எச்சில் கையை உடம்பில் படாமல் முன்னே நீட்டி, முழங்கையை அகட்டி, ஒவ்வொருவரும் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு வந்தோம். ஏற நின்றவர்கள் சட்டையில் கறை பட்டுவிடுமென்று ஒதுங்கி, ஒதுங்க இடமில்லாமல் படியின் திருப்பத்தில் குவிந்தார்கள்.

"மச்சான், நவுருடா" என்றான் ஒருவன்.

"எங்கடா நவுர்றது, செவுத்துக்குள்ளயா?" என்றான் இன்னொருவன்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பிறகு சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து வந்த பாரத்தில் என் நெஞ்சு முன்னவன் முதுகில் அழுந்தி மூச்சு முட்டியது. இருபத்தாறு பேரும் வளர்ந்த ஆண்கள். இடுப்பில் குழந்தை இல்லை, தடுக்கும் பட்டுப்புடவை இல்லை, நெருப்பும் இல்லை. ஆனாலும் அசைய முடியவில்லை.

அடேயப்பா, நான் உட்காராத பந்தியா? இது ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டிருக்கிறது. காலிப் படியை அளந்துவிட்டு, கட்டடத்தைப் பார்த்துவிட்டதாக இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கீழே வந்ததும் டேப்பை எடுத்தேன். சுவருக்குச் சுவர், விதி கேட்கும் நாலடி சரிதான். ஆனால் இருபக்கக் கைப்பிடியையும் கழித்து அளக்க வேண்டும் என்பது விதி. அரை அடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நான் கழிக்காமல் விட்டிருந்தேன். அன்று சாயங்காலமே, நான் கொடுத்த சான்று தவறு, மாடியில் பந்தி கூடாது என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

அக்கா கொதித்துப்போனாள். "இன்னாடா, வெளாட்றியா? ஊர் பூரா பத்திரிகை வெச்சாச்சு. மாப்ள வூட்டுக்காரங்க மொகத்துல எப்டி முழிப்பேன்?" அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மண்டபத்துக்குப் பின்னாலிருந்த காலி மனையில் நான் பந்தல் போட்டேன்.

ஞாயிறன்று வந்தவர்கள் பந்தலில் சாப்பிட்டு, வலது கையை நீட்டிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்கள். நடுவில் பிள்ளைகள் ஓடின. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். படியில் நாங்கள் சிக்கிக்கொண்டதையும் நான் கைப்பிடியைக் கழிக்காமல் அளந்ததையும் அப்போதுதான் அவளிடம் முழுசாகச் சொன்னேன்.

"இதே மாரி அளந்து நீ சரின்னு எழுதின மண்டபம் இன்னும் எத்தினி கீது?" என்று கேட்டாள்.

"மாடில பந்தி போட்றது நாலு."

"அவங்களுக்கெல்லாம் யாருடா சொல்லுவாங்க?"

அடுத்த முகூர்த்தம் புதன்கிழமை. நடுவில் இரண்டே நாள் இருந்தது.