ஒரு ஷேடு வெளுத்த முகம்

அந்த யோசனை எனக்கு லைட் பாக்ஸின் முன்னால்தான் வந்தது. சாயமேறிய துணியின் நிறம், துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் விளக்குப் பெட்டி அது. 2007 கோடை. நல்லூரில் ஓர் ஏற்றுமதி யூனிட்டின் செக்கிங் பிரிவில் இருந்தேன். இரண்டு துண்டுகளையும் பெட்டிக்குள் பிடித்தவள், துணியை விட்டுவிட்டு என் கைகளைப் பார்த்தேன். வலது புறங்கையைவிட இடது புறங்கை ஒரு ஷேடு வெளுத்திருந்தது.

இடது கையில் மட்டும்தான் சில வாரங்களாக ஒரு ட்யூப் தடவிக்கொண்டிருந்தேன். மெஷின் எண்ணெய்க் கறை பட்ட பனியன்களை இடது கையில் தாங்கி, வலது கையால் கறை எடுக்கும் திரவத்தைப் பீய்ச்சுவது என் வேலைகளில் ஒன்று. கையுறை போட்டால் வேகம் வராது என்று யாரும் போடுவதில்லை. திரவம் தெறித்துத் தெறித்து, இடது கைத் தோல் வெடித்து நீர் கசிந்தது. தொடு ஒவ்வாமை (ஒரு பொருள் திரும்பத் திரும்பப் படுவதால் தோல் அழற்சி அடைவது) என்ற பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். அன்று மெடிக்கலில் கையை நீட்டினேன்.

"இதப் போடுங்க, மூணே நாள்ல வாங்கிக்குமுங்க. கம்பெனிப் புள்ளைக பூராம் இதத்தான் வாங்கறாங்க."

மூன்றே நாளில் வாங்கிக்கொண்டது, புண் ஆறித் தோல் காய்ந்தது. அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை.

கையை வெளுக்க வைத்த மருந்து முகத்தை வெளுக்க வைக்காதா? இதுதான் என் யோசனை. நிற ஆசை இல்லாதவள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டிவி விளம்பரக் கிரீம்களைக் கேலி செய்பவள் நான். வேதியியல் படித்திருக்கிறேன், எதை வாங்கினாலும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பேன். அந்தக் கிரீம்களில் மெழுகும் வாசனையும்தான் இருந்தன. ட்யூப்பில் மருந்து இருந்தது. மருந்தின் பெயர் ஸ்டீராய்டு (வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கிவைக்கும் மருந்து வகை) என்பதும் எனக்குத் தெரியும். அதன் நான்கு வளையங்களைப் பரீட்சையில் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். வரையத் தெரிந்ததை, தெரிந்ததாகவே நினைத்துவிட்டேன்.

முகத்திலும் தடவத் தொடங்கினேன். முகப்பரு மறைந்தது. கன்னம் பளபளத்தது. தையல் லைனில் இருந்த ஜெசிந்தாதான் முதலில் கவனித்தாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, நல்லூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள்.

"ஏட்டி, டையிங்ல முக்கி எடுத்தவ மாதிரில்லா இருக்க. என்ன போடுத?"

சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் அவளை லைட் பாக்ஸ் பக்கம் கூட்டிப்போய், ஒரே கையில் பதினைந்து நாள் தடவிப் பார்க்கச் சொன்னேன். பதினைந்தாம் நாள் இரண்டு கைகளையும் பெட்டிக்குள் நீட்டினாள்.

"அப்ரூவல் ஆயிருச்சு, இனி பல்க் போட்டுக்கலாம்" என்றேன். மாதிரி தேறிய பிறகு மொத்த ஆர்டரையும் ஓட்டுவதைத்தான் கம்பெனியில் பல்க் என்போம். சிரித்தோம். பல்க்தான் போட்டோம். அவள் லைனில் ஆறேழு பேர் என்னிடம் கேட்டுத் தடவத் தொடங்கினார்கள். ஒருத்திக்கும் நான் மறுத்துச் சொல்லவில்லை. ஆலோசனை சொல்வது அவ்வளவு பிடித்திருந்தது.

நான்காம் மாதம் அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. வெயில் பட்டால் முகத்தில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. தடவ மறந்த நாளில் சிவந்து பொரிந்தது, தடவினால் அடங்கியது. கன்னத்தில் பூனை முடி முளைத்தது.

"ஏங்கண்ணு, மூஞ்சி என்ன இப்படிக் கன்னிக் கெடக்குது?" என்றாள் அம்மா.

"சூடும்மா" என்றேன்.

அரசு மருத்துவமனை தோல் பிரிவில் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் கேட்டார்: "எத்தன ட்யூப் ஆச்சு?"

எண்ணிச் சொல்ல முடியவில்லை.

"தோல் மெலிஞ்சு போச்சும்மா. மருந்துக்குப் பழகிருச்சு. நிறுத்துனா மொதல்ல இன்னும் மோசமாத்தான் ஆகும். மாசக் கணக்குல ஆகும். தாங்கோணும். என்ன படிச்சிருக்கீங்க?"

"கெமிஸ்ட்ரிங்க."

அவர் திட்டவில்லை. சீட்டில் எழுதத் தொடங்கினார். திட்டியிருக்கலாம்.

வீரியம் குறைந்த வேறொரு மருந்து, அதையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாசனையில்லாத சாதாரண ஈரப்பசைக் கிரீம். வெயிலில் சன்ஸ்கிரீன், மேலே துப்பட்டா. வேலையில் பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை. புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த பிறகே முகத்துக்கு. இதைப் படிக்கும் உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். மருந்தின் பெயர் 'சோன்' என்று முடிந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள். 'சோன்' என்று முடியாத ஸ்டீராய்டும் உண்டு, தெரியாவிட்டால் கேளுங்கள்.

டாக்டர் சொன்னபடியே மோசமானது. முகம் வீங்கித் தோல் உரிந்தது. இரண்டாம் மாதம், பையர் வருவதற்கு முந்தின நாள், மேனேஜர் மெல்லச் சொன்னார்: "நாளைக்கு ஒரு நாள் நீங்க ஸ்டோர் ரூம்ல இருந்துக்கங்க. தப்பா எடுத்துக்க வேண்டாங்க." கறை போகாத பீஸை நாங்களும் அப்படித்தான் ஒதுக்கிவைப்போம். அன்று வீட்டுக்கு வந்ததும், குப்பையில் போடாமல் வைத்திருந்த ட்யூப்பை எடுத்துத் தடவினேன். காலையில் முகம் அடங்கி அழகாக இருந்தது. பையர் முன்னால் போய் நின்றேன். அதற்குப் பிறகு நிறுத்தும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்த நோயின் கொடுமை இதுதான். கெடுக்கும்போது முகத்தை அழகாக்குகிறது; குணமாகும்போது அசிங்கமாக்குகிறது. தையல் லைனுக்குப் போய், ட்யூப்பை நிறுத்துங்கள் என்று சொன்னேன். இரண்டு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீ நிறுத்துன, ஒன்னப் பாக்கச் சகிக்கல. நான் போடுதேன், எனக்கு நல்லாத்தான இருக்கு?" என்றாள் ஜெசிந்தா. "படிச்ச பிள்ளன்னு ஒன்ன நம்பித்தான போட்டேன். இப்ப நீயே வேண்டாம்ங்குத. எந்தச் சொல்லத்தான் நம்ப?"



இரண்டாம் முறை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. எரிச்சல் குறைந்திருக்கிறது. கண்ணாடி பார்க்காமலே முகம் எப்படி இருக்கிறதென்று தெரிகிறது. வீடு இருக்கும் அவிநாசிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், வெயில் விழாத இடப்பக்கமே உட்காருகிறேன். வெயில் எப்போது எங்கே விழும் என்று உடம்பு சொல்கிறது. முன்பு ஷிப்மெண்ட் தேதி வரைதான் எனக்கு நாள் இருந்தது. தோல் எந்தத் தேதிக்கும் கட்டுப்படுவதில்லை. அவசரப்பட்டுப் பழகிய எனக்கு, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதுதான் பெரிய வைத்தியமாக இருக்கிறது.

போன வாரம் ஜெசிந்தா கூந்தலை அள்ளி முடிந்தபோது பார்த்தேன். அவள் கன்னத்தில் சிவப்பு நூல் ஓடியதுபோல் ரத்தக்குழாய் தெரிந்தது. என் கன்னத்திலும் அப்படித்தான் தொடங்கியது.

வியாழக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி ஓ.பி. இருக்கிறது, துணைக்கு வா என்றேன்.

"ஒனக்குத் துணைக்குத்தான் வாரேன். என் மூஞ்சியப் பத்திப் பேச்செடுத்த, பாதியில எறங்கிருவேன்."

சரி என்றேன். பேசமாட்டேன். டாக்டரம்மா மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் உண்டு. வெளிச்சம் விழும் ஜன்னலோரத்து நாற்காலியில், அவருக்கு நேர் எதிரே, ஜெசிந்தாவை உட்கார வைக்கப் போகிறேன்.