செக்போஸ்ட் அக்காவின் கண்ணாடி

“பெல்ட்டை யாரு கழட்டுறது, உங்க தாத்தா வருவாரா?” என்று கேட்டபடியே, வாசலில் நிற்பவரின் இடுப்பருகே திசைகாட்டியைக் கொண்டுபோகிறார் அக்கா. காந்தமோ இரும்போ உள்ளே போனால் அளவுகள் கெட்டுவிடும் என்பதால், முள் லேசாக அசைந்தாலும் உள்ளே விட மாட்டார். துறைத் தலைவரையே ஷூவைக் கழற்ற வைத்து வெறுங்காலோடு அனுப்பியவர். ஆய்வகத்தில் அவருக்குச் செக்போஸ்ட் அக்கா என்று பெயர். உள்ளே, நகக்கண் அளவுள்ள சில்லுகளை அளவெடுக்கும் கருவியில் பொருத்துவது அவர் வேலை. அரிசியில் கல் பொறுக்குகிறவரைப் போல முகத்தை அருகே கொண்டுபோய், மூச்சடக்கிப் பொருத்துவார்.

அந்தச் சில்லுகள் ஆய்வு மாணவி ஒருத்தியின் நான்கு வருட உழைப்பு. கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் இரண்டு உலோகப் படலங்கள். நடுவே காந்தத் தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்று. அது தடிக்கத் தடிக்க மின்னோட்டம் சோர்ந்துபோகும். ஒரு குறிப்பிட்ட தடிமனில் திசையே மாறிவிடும் என்று அவள் காட்ட வேண்டும். ஆனால் ஒரே மாதிரி செய்த மூன்று சில்லுகள் மூன்று விதமாகப் பேசின. “வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற தலைப்பு பாரும்மா” என்றுவிட்டார் பேராசிரியர். அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை, திசைகாட்டியில் படிந்த தூசியை ஊத அக்கா அதை முகத்தருகே தூக்கினார். முள் சுழன்று அவர் மூக்கைப் பார்த்து நின்றது. மகள் வாங்கித் தந்த புதுக் கண்ணாடி! வெயிலில் போகும்போது அதன்மேல் கறுப்புக் கண்ணாடி ஒட்டிக்கொள்வதற்காகச் சட்டத்தில் பொட்டுப் பொட்டாகக் காந்தம் வைத்திருந்தார்கள். ஊரையெல்லாம் சோதித்தவர் தன்னைச் சோதிக்கவில்லை.

சத்தமில்லாமல் பழைய கண்ணாடிக்கு மாறியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்கா நேரே பேராசிரியர் அறைக்குப் போனார். “சார், பொண்ணு மேல தப்பில்ல. தப்பு என் மூஞ்சி மேல இருக்கு.”

வெள்ளிக்கிழமை மதியம், அக்கா பழைய கண்ணாடியோடு பொருத்திய புதுச் சில்லில், மாணவி சொன்ன தடிமனிலேயே மின்னோட்டம் திசை மாறியது. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

“உங்களாலதான்க்கா.”

“கெட்டதும் என்னாலதாண்டி! நன்றி சொல்ற லட்சணமா இது?”

ஆனாலும் அவளுக்கு நன்றி சொல்லித் தீரவே இல்லை. பெற்றவர்களுக்குப் பிறகு தனக்காக வாய்திறந்து பழியேற்ற ஆள் இவர்தான் என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னாள்.

இப்போதும் காலையில் வாசலில் வரிசை நிற்கிறது. தட்டில் சாவிகளும் ஹேர்பின்களும் விழுகின்றன. யாரையும் சோதிப்பதற்கு முன், அக்கா திசைகாட்டியை மாணவியின் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி, முகத்தை நீட்டுகிறார்.